சி டிரைவில் எழுத்து, டி டிரைவில் எழுதியது

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. "வீட்டில் இருக்கிற பழைய மெஷினை 11-க்கு மாத்தலாமா, வேண்டாமா? நீங்க சாஃப்ட்வேர் ஆளாச்சே, சொல்லுங்க." பதில் ரொம்பச் சின்னது. மெஷின் ஏற்றுக்கொண்டால் மாத்துங்க. மாத்துவதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுங்க. எபிசோட் முடிந்தது.

முடியவில்லை. "நகல் எடுங்க" என்று சொல்லும்போது எனக்கு ஒரு உறுத்தல் வரும். இது வரலாற்று பாட்காஸ்ட் என்பதால் அந்த உறுத்தலை வரலாறாகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நடப்பது என் ஊர் மேலூரில். மதுரையிலிருந்து திருச்சி போகிற ரோட்டில் அரை மணி, முக்கால் மணி நேரம் போனால் வருகிற ஊர். அங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் அப்பா 1999-இல் ஒரு டிடிபி கடை போட்டார். ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, தாசில்தாருக்கு மனு. ஊரில் நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் அந்த ஒரு கீபோர்டு வழியாகப் போகும்.

கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98. ஹார்ட் டிஸ்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வேலை எல்லாம் பேஜ்மேக்கரில். தமிழுக்குத் தனியாகக் காசு கொடுத்து ஒரு எழுத்துரு மென்பொருள் வாங்கியிருந்தார் அப்பா. பிரிண்டர் போர்ட்டில் ஒரு சின்ன டாங்கிள் செருகினால்தான் அது வேலை செய்யும். அந்த டாங்கிளை அப்பா தினமும் சாமி கும்பிட்டுத்தான் தொடுவார் என்று அம்மா கிண்டல் பண்ணுவாங்க.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகணும். பொறுத்துக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்து எழுத்துருவில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். ஒரு பைட்டில் 256 இடம்தான். முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விடும். மிச்சம் 128. தமிழுக்கு 247 எழுத்து. எப்படி அடைப்பது? ஒரு வழி, எழுத்தை உடைப்பது. கொம்பு தனி, கால் தனி, க தனி. 'கொ' என்றால் மூன்று துண்டு. 'டு', 'மு' மாதிரி உடைக்க முடியாதவற்றுக்குத் தனி இடம். இன்னொரு வழி, ஆங்கிலத்தின் இடத்திலேயே தமிழை உட்கார வைப்பது. பாமினி எழுத்துரு அப்படித்தான். 'ஜே' என்ற ஆங்கில எழுத்து இருக்கிற இடத்தில் 'த' படம், 'கே' இடத்தில் 'ம' படம்.

படம் என்று சொன்னதைக் கவனிங்க. கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது. அதைப் பொறுத்தவரை நீங்க ஏதோ ஐரோப்பிய மொழியில் கிறுக்கிக்கொண்டிருக்கீங்க. எழுத்துரு என்கிற முகமூடி இருக்கிற வரைக்கும் அது தமிழ். முகமூடியைக் கழட்டினால் தலையில் இரண்டு புள்ளி, கொம்பு, வால் வைத்த ஏதேதோ எழுத்துகள்.

எந்தப் படம் எந்த இடத்தில் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டது. ஒருத்தர் எழுத்துருவில் அடித்ததை இன்னொருத்தர் எழுத்துருவில் திறந்தால் தமிழ் எழுத்துதான் தெரியும், ஆனால் வாசிக்க முடியாது. வெளிநாட்டில் இருந்த தமிழர்கள் இமெயிலிலேயே பேசிப் பேசி டிஸ்கி என்று ஒரு பொதுத் தரத்தை உருவாக்கினார்கள். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று இதற்காகவே ஒரு மாநாடு நடத்தினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99. அங்கிருந்து டாம், டாப் என்று இரண்டு எழுத்துருத் தரமும், நம்மில் சிலர் இன்னமும் அடிக்கிற தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன.

அப்பா கடை போட்டதும் அதே வருடம்தான். ஆனால் அவர் வாங்கிய எழுத்துரு எந்தத் தரத்திலும் இல்லை. கடைக்காரர் எதை விற்றாரோ அதை வாங்கினார். பத்திரிகை அச்சாகி மஞ்சள் தடவி ஊருக்குப் போய்விட்டால் போதும், உள்ளே பைட் என்ன நம்பரில் இருந்தால் யாருக்கென்ன?

யாருக்கென்ன என்பதற்குப் பதில் வாத்தியார்.

ஊரில் எல்லாரும் வாத்தியார் என்றுதான் சொல்வோம், நானும் அப்படியே சொல்கிறேன். ரிட்டயர் ஆன தமிழாசிரியர். மேலூரைச் சுற்றி இருக்கிற நாடுகள், அவற்றின் கோயில், கண்மாய், மந்தை, யார் எதற்கு என்ன கொடுத்தார்கள் என்று முப்பது வருடமாக ஊர் ஊராகச் சைக்கிளில் போய்க் கேட்டு எழுதி வைத்திருந்தார். 2001-லிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் கடைக்கு வருவார். அவர் வாசிக்க, அப்பா அடிக்க. புரூஃப் எடுத்துக் கொடுத்தால் சிவப்புப் பேனாவில் அபிஷேகம் பண்ணிக் கொண்டுவருவார். நூற்றுச் சொச்சம் பக்கம் தேறியது. "இன்னும் ஒரு அத்தியாயம் இருக்குப்பா, அதையும் சேர்த்துட்டு மொத்தமா அச்சுக்குப் போவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு அத்தியாயம் வளர்ந்துகொண்டே போனது. சாஃப்ட்வேரில் இதற்கு ஸ்கோப் க்ரீப் என்று பெயர். வாத்தியாருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்.

2007-இல் விண்டோஸ் 98 படுத்துவிட்டது. ஆன் பண்ணினால் நீலத் திரை. எனக்குப் பத்து வயது. சர்வீஸ் பண்ற அண்ணன் ஒருத்தர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். பச்சைப் புல்வெளி, நீல வானம். எக்ஸ்பி. எனக்கு ஒரே குஷி.

"டேட்டா எல்லாம் பத்திரம்ணே. டி டிரைவைத் தொடவே இல்ல. சி-யை மட்டும்தான் ஃபார்மட் பண்ணேன்."

உண்மைதான். வாத்தியாரின் புத்தகம் உட்பட எட்டு வருட ஃபைல் எல்லாம் டி-யில் அப்படியே இருந்தது. ஆனால் எழுத்துரு எங்கே இருக்கும்? சி-யில், விண்டோஸ் ஃபோல்டருக்குள், ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில். எழுதியது டி-யில். எழுத்து சி-யில். அவர் ஃபார்மட் பண்ணியது எழுத்தை.

அப்பா ஒரு பத்திரிகை ஃபைலைத் திறந்தார். எழுத்துரு இல்லை, வேறொன்றைப் போட்டுக்கொள்கிறேன் என்று பேஜ்மேக்கர் ஒரு பெட்டியைக் காட்டியது. ஓகே கொடுத்தார். மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் கொம்பு வைத்த எழுத்துகள் வரிசையாக நின்றன. அப்பா ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கு. "என்னப்பா இது, இங்கிலீஷும் இல்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

அண்ணன் அசரவில்லை. "எக்ஸ்பியில தமிழ் அதுவே வரும்ணே" என்றார். அதுவும் உண்மைதான், பாதி. அந்தப் பாதி உண்மைக்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது.

1991-இல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தபோதே அதில் தமிழ் இருந்தது. இந்திய அரசின் இஸ்கி தரத்தை அடிப்படையாக வைத்து, தமிழுக்கு 128 இடம். அங்கே 'கொ' என்பது மூன்று படம் இல்லை. 'க' ஒன்று, 'ஒ'கரக் குறி ஒன்று, அவ்வளவுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் போடு, காலைப் பின்னால் போடு என்று வரைகிற வேலை கம்ப்யூட்டருடையது. அதாவது முதல்முறையாகக் கம்ப்யூட்டருக்கு இது தமிழ் என்று தெரிய வேண்டும். தெரியாத இயங்குதளத்தில் வெறும் கட்டம்தான் வரும். விண்டோஸ் வரிசையில் அதைத் தெரிந்துகொண்டு வந்த முதல் ஆள் விண்டோஸ் 2000, லதா என்ற எழுத்துருவோடு. அதனால்தான் தமிழுக்கு இயங்குதளத்தை மாத்துவது என்பது அழகுக்காகவோ வேகத்துக்காகவோ மட்டும் இல்லை. பழைய முறையில் விண்டோஸுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, எழுத்துரு போதும். புதிய முறையில் விண்டோஸுக்குத் தெரியாவிட்டால் ஒன்றும் நடக்காது.

சரி, எக்ஸ்பிக்குத் தெரியுமா? தெரியும், ஆனால் நீங்க கேட்டால்தான். கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் பண்ணணும். பண்ணினால் எக்ஸ்பியின் ஒரிஜினல் சிடியைக் கேட்கும். 2007-இல் மேலூரில் ஒரிஜினல் சிடி! அந்த வருடங்களில் நெட்டில் தமிழ் படிக்க ஆரம்பித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கட்டத்தின் கதை ஒன்று வைத்திருப்பார்கள்.

அண்ணன் எங்கேயோ போய் அந்தக் கோப்புகளைக் கொண்டுவந்து போட்டார். லதா வந்தது. நோட்பேடில் 'அம்மா' என்று அடித்துக் காட்டினார். அப்பா சந்தோஷமாக மறுபடியும் பத்திரிகை ஃபைலைத் திறந்தார். அதே கொம்பு, அதே வால். ஏனென்றால் அந்த ஃபைலில் இருப்பது தமிழே இல்லை, தமிழ் மாதிரி வேஷம் போட்ட பைட்கள். லதாவுக்கு அவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. போதாக்குறைக்குப் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழே தெரியாது. விண்டோஸ் முன்னால் போய்விட்டது, பேஜ்மேக்கர் பின்னால் நிற்கிறது, ஃபைல் நடுவில்.

எழுத்துரு ஃபிளாப்பி பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதை விற்ற கடை மூடியாச்சு. அப்பா வேறொரு எழுத்துரு வாங்கிப் புதிய வேலைகளை ஆரம்பித்தார். பழைய பத்திரிகைகள் போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, எப்படியும் புதிதாக அடிக்கணும். வாத்தியார் மட்டும் வந்து ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "சரிப்பா, எப்பவாச்சும் சரியானா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போ கடைக்கு வந்தாலும் கேட்பார். அப்பா "பாத்துக்கிட்டே இருக்கேன்யா" என்பார். அந்த ஹார்ட் டிஸ்கைக் கழட்டி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தார். 2019-இல் வாத்தியார் தவறிவிட்டார். அவருடைய கண்ணீர் அஞ்சலியை அப்பாதான் அடித்தார்.

இதெல்லாம் எங்க கடைக்கு மட்டும் நடந்ததாக நினைக்காதீங்க. மதுரைத் திட்டம் தெரியும்தானே? சங்க இலக்கியம் முதல் எல்லாவற்றையும் மின்னூலாக்கி இலவசமாகக் கொடுத்தவர்கள். பெயரில்தான் மதுரை. 1998 பொங்கலன்று தொடங்கியபோது சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னால் நின்றார், தன்னார்வலர்கள் உலகம் முழுக்க. அவர்களும் முதலில் பழைய எழுத்துருவில் ஆரம்பித்து, டிஸ்கிக்கு மாறி, அப்புறம் யூனிகோடுக்கு மாறினார்கள். ஒவ்வொரு தடவையும் மொத்த நூலகத்தையும் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடப்பது மாதிரி. அவர்களுக்கு ஒரு நல்ல விஷயம், எந்த எழுத்து எந்த இடத்தில் என்ற அட்டவணை கையில் இருந்தது. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்எச்எம் மாற்றி மாதிரியானவை வந்து பாமினி, டிஸ்கி, டாப் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் யூனிகோட் ஆக்கின. அட்டவணை தெரிந்த எழுத்துருக்களை மட்டும்.

தமிழக அரசு ஒருவழியாக 2010 ஜூன் 23-இல், கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, யூனிகோடையும் டேஸ் 16 என்ற இன்னொன்றையும் தரமாக அறிவித்து ஆணை போட்டது. அப்புறமும் வானவில், பாமினி எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, இன்றைக்கும் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போய்ப் பாருங்க. 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்குப் போகச் சொன்னது. சரி, யூனிகோடில் அடித்தாச்சு, இனிமேல் கவலை இல்லை என்றால், விண்டோஸ் 10 வந்தபோது லதாவையே தனியாக இறக்கிக்கொள்ள வேண்டிய கூடுதல் எழுத்துருப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். எழுத்து அழியாது, நிர்மலா எழுத்துருவில் தெரியும். ஆனால் அளவு வேறு என்பதால் லதாவில் பார்த்துப் பார்த்து ஒரே பக்கத்தில் அடக்கிய மனு இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். கையெழுத்து மட்டும் தனியாக அடுத்த பக்கத்தில் நிற்கும்.

2023 பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். வாத்தியாரின் மகள் கடைக்கு வந்தாங்க. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன். அப்பாவோட புத்தகத்தை எடுக்க முடியுமா பாரேன். கையெழுத்துப் பிரதியெல்லாம் வெள்ளையடிக்கிறப்ப எங்க போச்சுன்னே தெரியல." கையில் ஒரே ஒரு தாள் வைத்திருந்தாங்க. புரூஃப் பக்கம், 31 என்று நம்பர் போட்டது, சிவப்புப் பேனாத் திருத்தங்களோடு.

டப்பாவை இறக்கினோம். பழைய ஐடிஇ டிஸ்க். யூஎஸ்பியில் மாட்ட ஒரு அடாப்டரை மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிவந்தேன். சுத்தியது! என் லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் எக்ஸ்பி போட்டு, அதில் பேஜ்மேக்கர் போட்டு, டிஸ்கிலிருந்தே நேராகத் திறந்தேன். டிஸ்கிலிருந்தே நேராக. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

கொம்பும் வாலும் வந்தன. உரையை மட்டும் தனியாக டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்துக்கொண்டேன். பக்கம் 31-ஐப் பக்கத்தில் வைத்து, அதில் இந்தத் தமிழ் எழுத்து, இங்கே இந்த பைட் என்று ஒவ்வொன்றாகக் குறிக்க ஆரம்பித்தேன். ஒரே பக்கத்தில் பெரும்பாலான எழுத்துகள் கிடைத்துவிட்டன.

பக்கம 31 எதைப் பற்றியது தெரியுமா? மாங்குளம் கல்வெட்டுகள். எங்க ஊர்ப் பக்கம் ஓவாமலைக் குகையில் இருப்பவை, தமிழின் மிகப் பழைய எழுத்துகளில் சில. 1882-இல் ராபர்ட் சிவெல் கண்டுபிடித்தார். எழுத்து பிராமி என்று தெரியும், ஒவ்வொரு குறியும் என்ன என்றும் ஓரளவுக்குத் தெரியும். ஆனாலும் வாசித்தால் என்னவோ போல் வந்தது. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இது தமிழ்தான் என்று நிறுவினார். ஐராவதம் மகாதேவன் 1965-இல் அங்கே நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரை வாசித்தார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு.

சிக்கல் குறிகளில் இல்லை, விதியில் இருந்தது. வடக்கே பிராமியில் ஒரு மெய்க்குறி சும்மா நின்றால் அதற்குள் 'அ' இருக்கிறது என்று அர்த்தம், பக்கத்தில் கோடு போட்டால் 'ஆ'. இங்கே ஆரம்பகாலத் தமிழ் எழுத்தில் சும்மா நின்றால் வெறும் மெய், கோடு போட்டால்தான் 'அ'. 'மகன்' என்று வெட்டியதை வடக்கத்தி விதியில் வாசித்தால் 'மாகான' என்று வரும். அதே கல், அதே கோடு, அட்டவணை மட்டும் வேறு. புள்ளி என்ற ஒன்று நிலைத்த பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

மாங்குளத்தைப் பற்றி வாத்தியார் எழுதிய பக்கத்தை வைத்து வாத்தியாரையே வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் உறைத்தது. அப்பாவை எழுப்பிச் சொன்னேன். "சரி சரி, தூங்கு" என்றார்.

இப்போ இரண்டு நம்பர் சொல்கிறேன். 173, 160. பழைய எழுத்துருக்காரர்கள் எல்லாருக்கும் இந்த இரண்டும் எமன். ஐரோப்பிய எழுத்து அட்டவணையில் 173 என்பது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோடு, வார்த்தை உடையும்போது மட்டும் தெரிவது. 160 என்பது உடையாத இடைவெளி. 98-இல் தொந்தரவு தராத இந்த இடங்கள், அடுத்தடுத்த மென்பொருள்களில் தங்கள் உண்மையான வேலையைப் பார்க்க ஆரம்பித்தன. டிஸ்கியில் 'இ' இருந்தது 173-இல். இது தொல்லை என்று தெரிந்து 1.7 பதிப்பில் அதற்கு வேறொரு இடமும் கொடுத்தார்கள்.

அப்பாவின் எழுத்துருவிலும் 173-இல் 'இ'தான். என் ஸ்க்ரீனில் 'இ' எங்குமே இல்லை. இருந்தது எல்லாம் 'ருந்தது', இடையபட்டி எல்லாம் 'டையபட்டி'. ஆனால் பைட் அங்கேயே ஒளிந்திருந்தது, பார்வைக்குத்தான் தெரியவில்லை. மாற்றி எழுதியதும் எல்லா 'இ'யும் திரும்பி வந்துவிட்டன. 'இராமசாமி'யில் 'இ' போட்டிருந்தாரா இல்லையா என்பது உட்பட. போட்டிருந்தார், தமிழ் வாத்தியார் போடாமல் இருப்பாரா?

160-இல் இருந்தது 'டு'.

நான் மாற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால், பேஜ்மேக்கர் அங்கங்கே விட்டிருந்த தேவையில்லாத இடைவெளிகளைச் சுத்தம் பண்ண பைத்தானில் ஒரு வரி போட்டேன். உரையை இடைவெளிகளில் பிரி, ஒற்றை இடைவெளி வைத்துச் சேர். பைத்தான் தெரிந்தவர்கள் ஸ்பிளிட், ஜாயின் என்று இப்பவே தலையில் கை வைத்திருப்பீங்க. அந்த ஸ்பிளிட்டுக்கு 160-உம் இடைவெளிதான். புத்தகம் முழுக்க இருந்த ஒவ்வொரு 'டு'வையும் சாதாரண இடைவெளியாக மாற்றி, அதே ஃபைல் மேலேயே சேமித்தும் வைத்தேன்.

'வெள்ளலூர் நாடு' என்பது 'வெள்ளலூர் நா' ஆனது. 'கொடுத்தார்' என்பது 'கொ த்தார்'. நாடுகளைப் பற்றிய புத்தகத்தில் 'டு' இல்லை! கவனித்தவுடன் சரி, திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று டிஸ்கை மாட்டினேன். டக், டக், டக் என்று ஒரு சத்தம். கேட்டவர்களுக்குத் தெரியும் அந்தச் சத்தம். அதற்கப்புறம் அது சுத்தவே இல்லை. மதுரையில் இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தேன், முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேஜ்மேக்கர் ஃபைல்களை என் லேப்டாப்புக்கு ஒரு நகல் எடுத்து வைக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். சர்வீஸ் பண்ற அண்ணனைப் பதினாறு வருடமாக வீட்டில் திட்டிக்கொண்டிருந்தோம். அவராவது டி டிரைவைத் தொடாமல் விட்டார்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு இடைவெளியாகப் பார்த்தேன். பெரும்பாலும் சுலபம்தான். 'கொ த்தார்' வேறு என்னவாக இருக்க முடியும்? 'வீ', 'கா', 'மே' என்று தனியாக நின்றால் வீடு, காடு, மேடு. இரண்டு மாதம் சனி, ஞாயிறு போனது. புத்தகத்தில் ஒரே ஒரு சொல் மட்டும் வழிக்கு வரவில்லை. 'மா'.

கடைசியில் ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்ற பட்டியல். அதில் 'இரண் மா கொ த்தார்' என்று ஒரு வரி. இரண்டு, கொடுத்தார், சரி. நடுவில்? 'மாடு' என்றாலும் ஒரே இடைவெளிதான் மிஞ்சும், 'மா' என்றாலும் அதேதான். கோயிலுக்கு மாடு விடுவது எங்க பக்கம் இன்றைக்கும் நடக்கிறது, மஞ்சுவிரட்டில் முதலில் அவிழ்ப்பது கோயில் மாட்டைத்தான். மா என்பது பழைய நில அளவு. கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பதும் புதிதில்லை. இரண்டு மாடா, இரண்டு மா நிலமா? கொடுத்த குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை, எந்த ஊரில் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்படி ஏழு இடம். அக்காவும் நானும் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைக் கேட்டோம். நாலு இடம் தீர்ந்தது. ஒரு வீட்டில் ஒரு பெரியவர், "நெலமா? எங்க தாத்தாக்கிட்ட அவருக்கே நெலம் கெடையாது, மாடுதான்" என்று சிரித்தார். மூன்று இடம் தெரியவில்லை. நான் அக்காவிடம், மாடு என்றே போட்டுவிடலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்றேன்.

"வேணாம் தம்பி. அப்பா தப்பா எழுதிட்டார்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிறக் கூடாது. அந்த எடத்தை வெறுமனே விட்டுரு."

புத்தகம் இப்போ யூனிகோடில் இருக்கு, நாலு இடத்தில் நகல் இருக்கு. அடுத்த சித்திரைக்குள் அச்சுக்குப் போகும். மூன்று வரிகளில் ஒரு சொல்லுக்கான இடம் காலியாக இருக்கும். வாத்தியார் புரூஃப் எடுத்த தாள்களைப் பார்க்கச் சொல்லிப் பலருக்கும் கொடுத்திருக்கிறார், திருப்பி வாங்கியதாகத் தெரியவில்லை. மேலூர்ப் பக்கம் உங்க தாத்தா வீட்டிலோ மாமா வீட்டிலோ பரணில் பழைய பேப்பர் கட்டு இருந்தால் ஒரு தடவை பிரித்துப் பாருங்க. லேசர் பிரிண்ட், ஓரத்தில் சிவப்புப் பேனா, மேலே பின்னிணைப்பு என்று இருக்கும். கிடைத்தால் கடைக்குக் கொண்டுவந்து கொடுங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கம்தான், வாத்தியார் புத்தகம் என்று சொன்னால் அப்பாவுக்குப் புரியும்.